கட்டி வீடு

கண்ணாடித் தட்டில் கிடந்த தக்காளி இலைத் துண்டில், ஒரு செல்லின் கதவை மண் பாக்டீரியா ஒன்று தட்டியது.

"நீயா? எங்க தண்டுல எல்லாம் கட்டி வர வச்ச குடும்பம்தானே நீ? போயிரு" என்றது செல்.

"கத்தாதே. கட்டி வர வைக்கிற மரபணுவை ஆய்வகத்துல உருவிட்டாங்க. வாடல் நோயைத் தாங்குற மரபணு ஒண்ணைக் குடுத்து, உனக்குள்ள எந்த இடத்துல செருகணும்னும் சொல்லி அனுப்பியிருக்காங்க. முன்னெல்லாம் கண்ட இடத்துல செருகுவோம். எவன் கேட்டான்?"

"செருகினா எனக்கு வாடல் வராது. உனக்கு என்ன கிடைக்கும்?"

"வேலை முடிஞ்சதும் மருந்து ஊத்திக் கொன்னுடுவாங்க."

செல் கதவைத் திறந்தது.

"சரி, வா. மெதுவாவே செருகு. அந்தக் கட்டிக்குள்ள அப்படி என்னதான் இருந்துச்சு?"

"வீடுடா அது! மழைக்காலத்துல உள்ளே கதகதன்னு இருக்கும். எங்களுக்கு மட்டும் பிடிச்ச சாப்பாட்டை அதுவே சமைச்சுப் போடும். தின்னுட்டு மொத்தக் கூட்டமும் ஒண்ணா உருளுவோம்..."

மரபணுவைச் சொன்ன இடத்திலேயே ஒழுங்காகச் செருகிவிட்டு, பாக்டீரியா பேசிக்கொண்டே இருந்தது. பாதி பொய்யாகவும் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

மருந்து தட்டில் பரவியபோது, "ம், அப்புறம்?" என்று செல் கேட்டுக்கொண்டிருந்தது.