இடது கைப் பெருவிரல்

வலது கையைக் கேட்டதும் அப்பா கொடுத்துவிட்டார்.

இடது கையைத்தான் பிரிக்க முடியவில்லை. பெருவிரலை உள்ளே வைத்து, மற்ற விரல்களை அதன்மேல் இறுக மூடியிருந்தார்.

மூடிய கையோடு கட்டினார்கள். பஞ்சு வைத்துத் தைத்த பட்டை. மணிக்கட்டில் சுற்றி, கட்டில் கம்பியில் முடிச்சுப் போட்டார் நர்ஸ்.

மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய் இறக்க வேண்டும். காலையில் போட்டதை அப்பா பிடுங்கி எறிந்துவிட்டார்.

"வலிக்காது தாத்தா. மெத்துன்னு இருக்கும்."

மெத்தென்றுதான் இருந்தது. ஆனாலும் கட்டு கட்டுதான். மகள் பூரணம் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

உடம்பில் உப்பு குறைந்துவிட்டதாம். புத்தி குழம்பி எல்லாரையும் சந்தேகப்படுவது அதனால்தான் என்றார் டாக்டர். நாடி பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பைக்கூட அப்பா அண்டவிடவில்லை. "ரேகை எடுக்கான், ரேகை எடுக்கான்" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

அண்ணன் சிரித்தான்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் ஆயுசு முழுக்கப் பத்திரம் எழுதியவர் அப்பா. நினைவில்லாமல் கிடந்தவர்களின் இடது கைப் பெருவிரல் எத்தனை பத்திரங்களில் பதிந்தது என்று அவருக்குத் தெரியும். புத்தி குழம்பினாலும் தொழில் புத்தி போகுமா?

அவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

வீடு இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது.

குழாய் இறங்கியது. அப்பா இருமினார். கண்ணில் நீர் வழிந்தது. டாக்டர் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நர்ஸ் முடிச்சில் கை வைத்தார். வேலை முடிந்தால் அவிழ்த்துவிட வேண்டுமாம்.

"இருக்கட்டும் சிஸ்டர்," என்றான் அண்ணன். "நான் பாத்துக்கிடுதேன்."

நர்ஸ் போனதும் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வா. காலையில இருந்து நிக்க."

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவள் தின்றாளா, தூங்கினாளா என்று ஒரு வார்த்தை கேட்காதவன். இன்று என்ன இவ்வளவு கரிசனம்?

கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் ஆவுடையப்பன். அப்பாவிடம் பத்திரம் எழுதப் பழகியவர். இப்போது அண்ணனுக்கு ரொம்ப நெருக்கம். மடியில் ஒரு பை. அவளைக் கண்டதும் எழுந்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

அவள் திரும்பி உள்ளே வந்தாள்.

அண்ணன் நாற்காலியை இடது கைப் பக்கமாக இழுத்துப் போட்டிருந்தான்.

அவனைத் தள்ளிக்கொண்டு போய் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத? குழாயப் பிடுங்கிருவாரு. அவருக்கு இப்போ நாம யாருன்னே தெரியல!"

அப்பா குழாயைத் தொடவில்லை.

அவளையே பார்த்தார். பார்வை தெளிவாக இருந்தது.

"பூரணமா? எப்பம்மா வந்த?"

கேட்டுக்கொண்டே, மூடிய கையை மெல்ல இழுத்துத் தன் இடுப்புக்கு அடியில் செருகிக்கொண்டார்.