தெற்கே போயிருக்கான்

"செழியன் இப்ப எந்த ஊர்ல இருக்கான் தம்பி?"

சாம்பார்க் கரண்டியோடு நின்றபடியே வரலட்சுமி கேட்டாள்.

"குயி ஞோன்னு ஒரு ஊரும்மா. அதையும் தாண்டித் தெற்கால போயிருக்கான். அங்கல்லாம் சின்னச் சின்னத் தீவா இருக்கும். சிக்னல் கெடைக்காது." வினோத்குமார் இலையைப் பார்த்தபடி சொன்னான். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம். தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது.

அவனும் வரலட்சுமியின் மகன் இளஞ்செழியனும் வியட்நாமில், டானாங் நகரத்தில், ஓர் இந்திய ஓட்டலில் வேலை பார்த்து ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். ரொம்ப நாள் கெஞ்சி லீவு வாங்கி, தோளில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு, கடலோரமாகவே ஊர் ஊராகப் போகலாம் என்று கிளம்பினார்கள். பாதியில் வினோத்குமார் மட்டும் ஊருக்குத் திரும்பிவிட்டதாகவும், செழியன் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகவும் வரலட்சுமியிடம் சொல்லியிருந்தார் அவள் கணவர் வைத்திலிங்கம்.

சுற்றிக்கொண்டிருக்கவில்லை. போன மாதமே அவனை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது. வைத்திலிங்கம் போனிலேயே சரி என்று சொல்ல, அங்கேயே எரித்தார்கள்.

இன்று விடிந்ததும் அவரும் வினோத்குமாரும் மட்டும் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்துக்குப் போய்ச் சாம்பலைக் கரைத்தார்கள். பிறகு தட்டாஞ்சாவடியில் அவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு இன்னும் சரியா தேறல அவ. கொஞ்ச நாள் போவட்டும், நானே சொல்லிக்கிறேன். நீ வந்து நாலு வார்த்த நல்லதா பேசிட்டுப் போ" என்று பட்டறை வாசலில் அவர் கேட்டுக்கொண்டபோது அந்தக் குரலில் அழுகையோ கலக்கமோ இல்லை. வினோத்குமாரும் சரி என்றான்.

"உப்பு போதுமா தம்பி?"

"போதும்மா." உப்பு இருந்ததா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"மொத மொத வூட்டுக்கு வந்த புள்ளைக்கு ஒரு மீன் கொழம்புகூட வைக்கலன்னு நெனைக்காத. கொஞ்ச நாளா கவிச்சி சேக்கறதில்ல."

"டாக்டர் கொறைக்கச் சொன்னாரு" என்றார் வைத்திலிங்கம்.

வரலட்சுமி அப்பளத்தை எடுத்து வினோத்குமாரின் இலையில் வைத்தாள். "ரெண்டு பேரும் எப்படித்தான் ஊர் சுத்துனீங்க, சொல்லேன்."

அவன் சொன்னான். செழியன் இருந்தவரை நடந்ததில் பொய் சொல்ல எதுவும் இல்லை. "ஒரு நாள் ரோட்டோரத்துல எளநி விக்கிற அம்மாகிட்ட தமிழ்லயே பேரம் பேசுனாம்மா. அது அவங்க பாஷையில திட்டுது, இவன் தமிழ்ல பதில் சொல்றான். கடைசில அந்தம்மாவே சிரிச்சிட்டு, இன்னொரு எளநிய சும்மா வெட்டிக் குடுத்துச்சு."

வரலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். வைத்திலிங்கமும் சிரித்தார்.

"எப்பவும் யாரையாவது சிரிக்க வச்சிக்கிட்டே இருப்பான்" என்று சேர்த்துச் சொன்னான் வினோத்குமார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லைக் கவனித்தான். நல்லவேளை, 'இருப்பான்' என்ற சொல்லை வைத்து ஆள் இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

"இன்னும் சொல்லு" என்றாள் அவள். சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்துத் தூங்கியதைச் சொன்னான். பையின் வார் அறுந்துபோக, ஒரு மீன்காரர் தூண்டில் நரம்பால் தைத்துக் கொடுத்ததைச் சொன்னான். வெயிலில் செழியனின் மூக்கு தோலுரிந்து, அதற்குத் தயிர் தடவிக்கொண்டு அவன் கடைத்தெருவில் நடந்ததைச் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முடிந்ததும் அடுத்தது என்பதுபோல் அவன் வாயையே பார்த்தாள்.

அடுத்தது அந்தக் காலைதான். ரொட்டி வாங்க வினோத்குமார் ரோட்டுப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது மணலில் இரண்டு பைகளும் செழியனின் செருப்பும் மட்டும் இருந்தன.

"அவ்ளோதாம்மா. அப்புறம் நான் இங்க கெளம்பிட்டேன்" என்று சொல்லி இலையை மடித்தான்.

வைத்திலிங்கம் எழுந்து கை கழுவினார். "வா, பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வரேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வினோத்குமார் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது வரலட்சுமி வாசற்படியில் நின்றிருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்றிருந்தது.

"நீ சொன்னதெல்லாம் நடந்ததுதான, தம்பி? அந்த எளநி, தூண்டில் நரம்பு..."

"சத்தியமாம்மா."

"அது போதும்." தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எதிர் வூட்டு ஜெயசித்ராவுக்குப் போன்ல அந்தச் சேதி வந்துச்சு, அவன் போட்டோவோட. அன்னிக்கே பாத்துட்டேன்."

வெளியே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வைத்திலிங்கம் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

வரலட்சுமி அவன் கையை விட்டாள்.

"எனக்குத் தெரியும்னு அவருகிட்ட மட்டும் சொல்லிடாத தம்பி. தாங்க மாட்டாரு."