ரேடியேட்டருக்கு வந்த காய்ச்சல்

தாவீது சார் பழைய கார் ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் காலை சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடத் தொடங்கும் முன்பே, டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறிச் சிவப்பில் நின்றது.

"ஐயையோ, வண்டி கொதிக்குது!" என்று அலறினார்.

அதைக் கேட்ட ரேடியேட்டருக்குத் திக்கென்றது. அதுவரை காலைப் பனியில் சுகமாகத்தான் இருந்தது.

"தம்பி, எனக்குக் காய்ச்சல் அடிக்குதா பாரு" என்று பின்னாலிருந்த ஃபேனிடம் கேட்டது.

"சில்லுன்னுதான் இருக்கீங்க, அண்ணே."

"உனக்கு என்ன தெரியும்? மீட்டரே சொல்லுது!"

ரேடியேட்டர் முனக ஆரம்பித்தது. தனக்குப் பிறகு தன் மூடியைப் பக்கத்து வீட்டு ஜீப்புக்குக் கொடுத்துவிடச் சொன்னது.

மெக்கானிக் காதர் பாய் வந்தார். சூட்டை அளக்கும் சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் முள் இறங்கவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனவர், அது ஓரிடத்தில் தோல் உரிந்து இன்ஜின் இரும்பில் உரசுவதைக் கண்டுபிடித்தார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். ஒயர்தான் பொய் சொல்லியிருக்கு" என்று டேப் சுற்றி மறுபடி மாட்டினார்.

"முள்ளு அடியில இறங்கிடுச்சு பாய்! சூடே இல்லைன்னு காட்டுது!" என்றார் தாவீது சார்.

"கேட்டீங்களா அண்ணே? உங்களுக்கு ஒண்ணுமே இல்ல!" என்று குதித்தது ஃபேன்.

ரேடியேட்டர் மெல்லிய குரலில் சொன்னது:

"உடம்புல சூடே இல்லையாமே, தம்பி. அப்போ நான் போய்ச் சேர்ந்துட்டேன் போலிருக்கு. எல்லாருக்கும் சொல்லி அனுப்பிடு."