சொதப்பல் ஹீரோ

ஈப்போ நகரச் சந்தையில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு, படம் பார்த்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு மலையேறிய வழியெல்லாம் கதிரவன் பொருமிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

"நான் படிச்ச காமிக்ஸ நாசமாக்கிட்டானுங்க லா! ஊரையே காப்பாத்துற ஹீரோ, சொந்தப் பொண்டாட்டிய பாதி வழியில மறந்துட்டுப் பறந்துடுறான். எவனாச்சும் மறப்பானா, சாந்தினி?"

பின்சீட்டிலிருந்து பதில் இல்லை. வளைவுகளில் தலைசுற்றும் என்று மாத்திரை போட்டு, போர்வையை இழுத்து மூடித் தூங்குவது அவள் வழக்கம்.

தேயிலைத் தோட்டத்து முனையில்தான் போனுக்கு லைன் கிடைத்தது. உடனே அடித்தது. திரையில் 'சாந்தினி'.

திரும்பிப் போர்வையை இழுத்தான். அடியில் காலி முட்டைக்கோஸ் சாக்குகள்.

"எவ்வளவு நேரமா போன் அடிக்கிறது? பெட்ரோல் ஸ்டேசன் டாய்லெட் வாசல்லதான் நிக்கிறேன். படத்துல அந்த ஹீரோவாச்சும் திரும்பி வந்து கூட்டிட்டுப் போனான். நீங்க எப்ப வர்றீங்க?"