இருபது சிவப்பு நட்

"கிளிநொச்சிச் சந்தியில நிக்கிறன் எண்டு போன் எடுத்தது பத்து மணிக்கு. இப்ப பன்னிரண்டாகுது. எங்க போட்டார் உங்கட மருமகன்?"

குசினி வாசலில் நின்று சிவலட்சுமி கேட்டாள். அவள் கணவர் முத்துலிங்கம் ஒழுங்கைப் பக்கம் எட்டிப் பார்த்தார். சந்தியிலிருந்து வீடிருக்கிற ஸ்கந்தபுரத்துக்குச் சைக்கிளில் வந்தாலே ஒரு மணித்தியாலம் போதும். மருமகன் விதுசன் வைத்திருப்பதோ இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்.

மகள் கிருசாந்திக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை என்று தாய்வீட்டில் இருக்கிறாள். கொழும்பிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருக்கால் விதுசன் வருகிறார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். வந்தவுடன் யாரோடும் கதைக்காமல் நேரே கிணற்றடிக்குப் போய்விடுவார்.

"பாரில நிண்டிட்டு வந்து வாய் கொப்பளிக்கிறார். இல்லாட்டி அதைவிட மோசமான இடமாயிருக்கும்" என்றாள் சிவலட்சுமி.

மகளின் வயிற்றைப் பார்க்கப் பார்க்க முத்துலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை விதுசன் வருகிற நாளில், முத்துலிங்கம் மோட்டார் சைக்கிளோடு காலையிலேயே சந்தியில் நின்றார். வெள்ளைக் கார் வந்தது. ஸ்கந்தபுரம் பக்கம் திரும்பாமல் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் திரும்பியது. முத்துலிங்கம் பின்னாலேயே போனார்.

கார் ஒரு ரயர் கடைக்குள் நுழைந்தது.

எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் மறைந்திருந்து பார்த்தார். விதுசன் சட்டைக் கையை மடித்துவிட்டு சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். கறுப்பு நட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சிவப்பு நட்டைப் பூட்டினார்.

அந்தச் சிவப்பு நட் முத்துலிங்கம் கொடுத்தது!

போன பொங்கலுக்கு மருமகனுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டு, அந்தக் காரிலிருந்து கழித்துவிட்ட கறள் பிடித்த நட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினார். கடை கடையாக ஏறி இறங்கினார். புரி பார்த்தார், நீளம் பார்த்தார், சில்லில் பதிகிற சாய்வு பார்த்தார். வெள்ளைக் காருக்குச் சிவப்புத்தான் எடுப்பு என்று இருபது நட் வாங்கி வந்தார். வயல் உழுகிற ரக்டரின் சில்லை இறுக்குகிற மாதிரி ஸ்பானரில் ஏறி நின்று மிதிக்கப் போனவரை, "நான் பாக்கிறன் மாமா" என்று மருமகன்தான் பதறிப்போய்த் தடுத்தார்.

கார் போனதும் முத்துலிங்கம் கடைக்குள் போனார்.

"தம்பி, இப்ப போன காருக்கு என்ன பிழை?"

"காருக்கு ஒரு பிழையும் இல்லை ஐயா. பிழை மாமனாரில." கடைக்காரர் பரமேஸ்வரன் சிரித்தார். "ஸ்கந்தபுரத்தில வயல் செய்யிற ஆரோ கமக்காரராம். ஆசையா வாங்கிக் குடுத்திருக்கிறார். எல்லாம் சரி, ஆனா அந்தச் சிவப்பு நட் மெத்தெண்ட அலுமினியம். கொழும்பு வரைக்கும் நூறு கிலோமீற்றர் வேகத்தில ஓடினா தளர்ந்திடும். அதால வரேக்க இஞ்ச சிவப்பைப் பூட்டுவார். ஊருக்கை இருபதில உருட்டிக்கொண்டு போவார். திரும்பிப் போகேக்க இரும்பு நட்டை மாத்துவார்."

முத்துலிங்கம் நாற்பது வருசம் ரக்டரோடு கிடந்த மனுசன். நட் என்றால் இரும்பு என்று இருந்துவிட்டார். என்ன உலோகம் என்று ஒரு கடையிலும் கேட்கவில்லை.

"மாமனாரிட்ட உள்ளதைச் சொல்லலாமே?" முத்துலிங்கம் கேட்டார்.

"நானும் கேட்டனான் ஐயா. 'நான் தகப்பன் இல்லாமல் வளந்தனான் அண்ணை. எனக்கெண்டு ஒராள் அலைஞ்சு திரிஞ்சு வாங்கித் தந்தது இதுதான். நான் போய் இறங்கின உடன நாலு சில்லையும் சுத்திச் சுத்திப் பாத்துச் சந்தோசப்படுவார். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை' எண்டார்."

முத்துலிங்கம் வயல் பாதையால் மோட்டார் சைக்கிளை விரட்டி, காருக்கு முதலே வீட்டுக்கு வந்துவிட்டார். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் இவ்வளவு சந்தோசமாக அவர் இருந்து கனகாலம்.

விதுசன் வந்தார். கிணற்றடிக்குப் போனார். கையில் பிடித்த கறுப்புக் கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

"தம்பி," என்றார் முத்துலிங்கம். "அந்தச் சிவப்பு நட்டெல்லாத்தையும் எனக்குக் கழட்டித் தாங்கோ. ரக்டர் பெட்டிக்குப் பூட்ட வேணும். உங்களிட்ட வேற நட் கிடக்கும்தானே?"

சிவலட்சுமி அகப்பையும் கையுமாக வெளியே வந்தாள். "குடுத்ததைத் திருப்பிக் கேக்க வெக்கமில்லையே உங்களுக்கு? அதுவும் மருமகனிட்ட! ஊர் கேட்டால் காறித் துப்பும்."

"துப்பட்டும். எனக்கு அது வேணும்."

கிருசாந்தியும் தகப்பனை முறைத்தாள்.

ரக்டர் பின்னால் இழுக்கிற பெட்டியின் சில்லு நட் கோழி முட்டை அளவு. கார் நட் அதில் பாதிகூட வராது. அது அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாது. விதுசனுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் மாமனாரின் முகத்தையே பார்த்தார். முத்துலிங்கம் குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமா," என்றார் விதுசன். "ரக்டருக்கு அது நல்ல அளவா இருக்கும்."