பின்னால் நிற்கும் பெயர்

வெளிநாட்டு அரசு வழக்கறிஞர் ஒருவர் மாசானத்தின் நினைவைக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார். ஏப்ரல் ஒன்பதாம் தேதி, முழு நாளும் வேண்டுமாம். அவர்கள் துறைமுகத்தில் கப்பல் எரிந்து நான்கு பேர் செத்த நாள் அது.

“ஐயா, நான் உப்பளத்துல வேல பாக்குறவன். தூத்துக்குடியத் தாண்டினதே இல்ல” என்றார் மாசானம்.

உள்ளூர் கோர்ட் நீதிபதி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். “கப்பல்ல இருந்தது உங்க மகன். பாஸ்போர்ட்ல அவர் பேருக்குப் பின்னால உங்க பேரு நிக்குது. அதையே ஆள் பேருன்னு எடுத்துக்கிட்டாங்க.”

“அப்போ திருப்பி அனுப்பிடுங்கய்யா.”

“சீல் சரியா இருக்கான்னு பாக்குறதோட என் அதிகாரம் முடிஞ்சுது பெரியவரே. ஆள் சரியான்னு அவங்க கோர்ட்டுலதான் கேக்கணும். உங்க நினைவோட நகல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்க மனுவே வாங்குவாங்க.”

பக்கத்து அறையில் ஒரு பெண் மாசானத்தின் தலையில் நினைவை நகலெடுக்கும் தொப்பியை மாட்டினாள். மாசானம் உப்புக் குவியல்களை மட்டுமே நினைத்தார். கப்பல் எரிந்த அன்று சாயங்காலம் மகன் போனில் அழுததை, “அப்பா, வால்வ மூட மறந்தது நான்தாம்ப்பா” என்று சொன்னதை, அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

“பயப்படாதீங்கய்யா, வலிக்காது” என்றாள் அந்தப் பெண். “ரெக்கார்டுக்காக ஒரே ஒரு கேள்வி. உங்க மகன் பேரு என்ன?”

மாசானம் வாயை இறுக்க மூடிக்கொண்டார். அவர் நினைவைக் காட்டிய எதிர்த் திரையில், அன்று சாயங்காலத்து அவருடைய போன் அடிக்கத் தொடங்கியது.