படையலுக்கு ஏழு புத்தகம்

ஏணியில் நின்றபடியே முத்துமாரி எண்ணினாள். ஏழு. கல்யாணத்துக்கு முன் ஊரிலிருந்து முகேஷுக்கு அவள் அனுப்பிய ஏழு புத்தகங்களும் பரணில், ரெக்சின் சுருள்களுக்குப் பின்னால், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

தூசி படக் கூடாதென்று ஒவ்வொன்றையும் கூரியர் உறைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. புத்தகத்தை இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிற ஆம்பிளையை அவள் பார்த்ததில்லை.

"கெடைச்சுதா மாரி?" கீழேயிருந்து விஜயராணி கேட்டாள். முகேஷின் அக்கா. தாராவியில் தம்பி நடத்தும் பை தைக்கும் பட்டறையில் மெஷின்களுக்கு ஆயுத பூஜைப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"கெடைச்சிட்டு மதினி. மெஷினுக்குப் பக்கத்துல வச்சிருவோம்."

"வை, வை. சரஸ்வதி இந்தப் பட்டறைக்குள்ள இன்னைக்குத்தான் மொதமொதல்ல வாரா."

கல்யாணமாகி ஆறு வாரம். செம்பூர் வீட்டில் அவன் புத்தகத்தைத் தொட்டு அவள் பார்க்கவில்லை. கேட்டால், "பட்டறையில வேலை முடிஞ்ச பெறவு படிப்பேன். அங்கதான் சாந்தியா இருக்கும்" என்பான்.

வாசிக்காதவனைக் கட்டமாட்டேன் என்று இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியவள் முத்துமாரி. "பொஸ்தகம் படிக்கிற மாப்ளைய நான் எந்தக் கடையில போயி வாங்குவேன்?" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். பேப்பரில்கூடத் தலைப்பு மட்டும்தான் பார்ப்பார்.

மும்பை வரன் வந்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு நாவல் அனுப்புவாள். படித்துவிட்டு அவன் அதைப் பற்றிப் பேச வேண்டும்.

பேசினான். "கடைசியில அந்தப் பொண்ணு ரயிலேறிப் போயிருதா. எல்லாரும் அவளத்தான் பாப்பாங்க. ரயில் போன பெறவும் அவ அப்பா பிளாட்பாரத்துலயே நிக்காரு பாருங்க, கையில தண்ணி பாட்டிலோட. குடுக்க மறந்துட்டாரு. அதுக்கு மேல என்னால படிக்க முடியல."

போனைக் காதில் வைத்துக்கொண்டே அவள் அழுதாள். அன்றைக்கே சரியென்று சொல்லிவிட்டாள்.

பிறகு ஆறு புத்தகங்கள். எதைத் திங்கட்கிழமை கொடுத்தாலும் அப்பா வியாழக்கிழமைதான் கூரியரில் போடுவார். "கடையில வேல தாயி" என்பார். ஆறுக்கும் முகேஷ் பேசினான். ஒவ்வொரு முறையும், அவள் மனசு எங்கே நின்றதோ அங்கேயே அவன் மனசும் நின்றது.

முத்துமாரி மனைப்பலகையில் உட்கார்ந்து முதல் உறையை மடியில் வைத்தாள். பழுப்பு டேப்பின் மேல் நீல மையில் ஒரு கையெழுத்து. இசக்கிமுத்து. அப்பா எதை ஒட்டினாலும் அந்த இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போடுவார். டேப்பில் பாதி, உறையில் பாதி. இடையில் யாராவது பிரித்தால் தெரிந்துவிடும்.

கையெழுத்து உடையவில்லை.

அடுத்ததை எடுத்தாள். அதிலும் உடையவில்லை. ஏழாவது வரை பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

முகேஷ் பூவும் பூசணிக்காயுமாக உள்ளே வந்தான். "அரே, அத எதுக்கு எடுத்த?"

"பிரிக்கவே இல்ல."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா மெஷினைப் பார்த்தாள்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது மாரி. முனிசிபல் ஸ்கூல்ல ஹிந்தி மீடியம். பேசத்தான் வரும். சொன்னா நீ வேண்டாம்னுருவேன்னு பயந்துட்டேன்."

"அப்போ போன்ல பேசினதெல்லாம்?"

பூசணிக்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் நின்றான்.

முகேஷ் குடும்பத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் விஜயராணி ஒருத்திதான். முத்துமாரி அவள் பக்கம் திரும்பினாள். "நீங்களா சொல்லிக் குடுத்தீங்க மதினி?"

"என்னைய இழுக்காத தாயி. பார்சலே பிரிக்கல, நான் எங்கேருந்து படிக்க?"

"பின்ன யாரு?" அவள் எழுந்து நின்றாள். "அந்தத் தண்ணி பாட்டிலப் பாத்தது யாரு? நான் சரின்னு சொன்னது அந்த ஆளுக்குத்தான? ஒங்களுக்கு இல்லையே!"

முகேஷ் பூசணிக்காயைத் தரையில் வைத்தான். போனை எடுத்து வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். "மனப்பாடம் பண்ணணும்லா... அதான் அழிக்கல" என்று முணுமுணுத்தான். ஒரு வாய்ஸ் மெசேஜைத் தொட்டான்.

முதலில் மூட்டை இறக்கும் சத்தம். பிறகு ஓர் இருமல். அந்த இருமலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"மாப்ள, அந்தத் தண்ணி பாட்டில் எடத்த மட்டும் மெதுவாச் சொல்லுங்க" என்றார் அப்பா. "அங்கதான் அவ அழுவா."